தங்கையின் மேல் பெய்யாத மழை

செங்கல்பட்டிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்பிய அக்கா தங்கை இரண்டு பேரில் தங்கையின் மேல் மட்டும் மழை பெய்யாமல் போனது மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிய இடத்தில், ஐப்பசி அடைமழை வானத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே சந்து விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில்தான் என்று சொல்லவேண்டும். அதற்கு முன்பே அப்படித்தான் இருந்ததோ என்னவோ, அக்கா திலகவதி முன்னால் போய்க்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை, தங்கை பொன்மணி தன் போக்கில் பாடிக்கொண்டே வந்ததால் கவனிக்கவில்லை.

டீக்கடையில் ஒதுங்கியபோது கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். பொன்மணியின் முடியில் பொட்டு ஈரமில்லை, கோதுமை மாவு மாதிரி புழுதி அவள் செருப்பில் அப்படியே இருந்தது, அவளைச் சுற்றிப் பந்தியில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவு இடம் காய்ந்து கிடந்தது, அந்த இடத்தின் விளிம்பில் மழை பந்தல் ஓரத்தில் வழிவது போல வழிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் பாலை ஒரு ஆற்று ஆற்றிவிட்டுச் சொன்னார்: "உள்ள வராதீங்கம்மா, அப்படியே அந்த விறகுகிட்ட செத்த நில்லுங்க. ரெண்டு நாளா நமுத்துப் போய் எரியவே மாட்டேங்குது."

பொன்மணி போய் நின்றாள். விறகு காய்ந்தது. டீ வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் திலகவதிக்கு அவ்வளவோடு நிற்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், இந்தப் பயணத்துக்காக வருஷக்கணக்காகக் காத்திருந்தவள், மழைக்காலத்தில்தான் லீவு கிடைக்கும் என்று தெரிந்தபோது மழையையும் ஒரு பாடம் மாதிரி படித்துத் தயாரானவள். துணிகளைத் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பைகளில் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள், ஈர ரோட்டில் பிடிப்பு இருக்கவேண்டும் என்று டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்திருந்தாள், மழைக்கோட்டுக்குள் முன்பக்கம் நீட்டிய தொப்பி போட்டுக்கொண்டால் கண்ணில் தண்ணீர் அடிக்காது என்று தெரிந்து வைத்திருந்தாள், ரோட்டின் வெள்ளைக்கோடு வழுக்கும், தேங்கின தண்ணீருக்கடியில் பள்ளம் இருக்கும், பிரேக்கை முன்கூட்டியே பிடிக்கவேண்டும், தங்குகிற இடத்தில் ஷூவுக்குள் நியூஸ்பேப்பரைத் திணித்து வைக்கவேண்டும், காலையில் செயினுக்கு எண்ணெய் விடவேண்டும் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொன்மணியோ கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் "நானும் வர்றேன்க்கா" என்றாள், வீட்டுக்காரர் வாங்கி ஓட்டாமல் போட்டிருந்த கூடை வைத்த சைக்கிளில் ரப்பர் செருப்போடு வந்து நின்றாள், மழைக்கோட்டு எங்கே என்று கேட்டதற்கு, "மழை வந்தா நனைவோம், அதுக்கென்ன" என்றாள்.

நனையவில்லை. நனைந்தது எல்லாம் திலகவதி. கோட்டின் கழுத்து வழியாக, கை வழியாக, தையல் வழியாக மழை உள்ளே வந்து அவள் முதுகெலும்பில் இறங்கி ஷூவில் குடியிருந்தது, விரல்கள் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி சுருங்கின, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. பக்கத்தில் வட்டமான ஒரு வெயில்காலத்தைச் சுமந்துகொண்டு தங்கை வந்தாள்.

"அக்கா, ஏன் தள்ளியே போறே? பக்கத்துல வாயேன். எடம் இருக்கு."

"ரெண்டு சைக்கிள் ஒண்ணா போனா லாரிக்காரன் திட்டுவான்."

"லாரியே வரலியே."

"வரும்."

இது பொறாமைதான் என்று திலகவதிக்குத் தெரியும், அதற்கு வேறு பெயர் வைக்க அவள் முயலவும் இல்லை. அவள் நட்ட முருங்கை பட்டுப்போகும், தங்கை துப்பின விதை காய்த்துத் தொங்கும். அவள் ஓடிப்போய்க் கைகாட்டினாலும் நிற்காத பஸ் தங்கை நடந்து வந்தால் நிற்கும். இதெல்லாம் கூடப் போகட்டும். அப்பா படுக்கையில் விழுந்த வருஷங்களில் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, கல்யாணப் பேச்சையே ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு அது ஒரேயடியாக நின்றும் போனவள் திலகவதி. கடைசி மூச்சுக்கு முன்னால் அப்பா அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பொன்னு, வந்துட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் "வந்துட்டேன்ப்பா" என்றாள். அதைத் தங்கையிடம் இதுவரை சொன்னதில்லை.

இப்போது மழையும் அப்பா மாதிரியே ஆள் பார்த்து நடந்துகொண்டது.

கொள்ளிடம் பாலம் தாண்டினதும் பெரிய ரோட்டில் வெள்ளம் குறுக்கே போகிறது என்று போலீஸ்காரர்கள் திருப்பிவிட, இரண்டு பேரும் கடலோரமாக வளைந்து போய் நாணல்பேட்டை என்ற ஊரில் மாட்டிக்கொண்டார்கள். முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். ஊர்க்கோடியில் இருந்த புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். அன்றைக்கே ஊருக்குச் சங்கதி தெரிந்துபோயிற்று.

நாணல்பேட்டை ஆச்சரியப்படுகிற ஊர் இல்லை. சுனாமியைப் பார்த்த ஊர், கூரைகள் பறந்துபோய் அடுத்த ஊர் வீடுகளில் உட்கார்ந்ததைப் பார்த்த ஊர், ஒரு புயலுக்கு மறுநாள் தென்னை உச்சியில் படகு தொங்கியதைப் பார்த்து அதை எப்படி இறக்குவது என்று மட்டும் பேசின ஊர். மழை ஒருத்தி மேல் பெய்யாது என்றால் சரி, பெய்யாது. அவளை வைத்து எதை முதலில் காயவைப்பது என்பதுதான் அங்கே கேள்வி. முதலில் கைக்குழந்தைக்காரிகள் துணிகளோடு வந்தார்கள், பிறகு நமுத்த தீப்பெட்டிகள் வந்தன, அப்பளம் போடுகிறவள் மாவோடு வந்தாள், கருவாட்டுக்காரிகள் கூடையோடு வந்து அப்பளக்காரியோடு சண்டை போட்டார்கள், பூசாரி அம்மனின் பட்டுப்பாவாடையை எடுத்துவந்து கருவாட்டுக்குப் பக்கத்தில் காயப்போட முடியாது என்று முறையிட்டார். பஞ்சாயத்துத் தலைவர் வைரக்கண்ணு, எதையும் முறையாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிற மனிதர், காலையில் கீழத்தெரு, மத்தியானம் மேலத்தெரு என்று பிரித்துவிட்டார். காலனி எப்போது என்று ஒருத்தி கேட்டதற்கு அவர் தொண்டையைச் செருமினார். பொன்மணி செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் காலனிக்கே முதலில் போனாள், அதற்கப்புறம் அந்த வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஊர் அவளை வெயிலக்கா என்று கூப்பிட்டது. திலகவதியை, வெயிலக்காவோட அக்கா.

"நீங்களும் அவங்க கூடத்தான் சைக்கிள்ல வந்தீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அவதான் என் கூட வந்தா" என்றாள் திலகவதி.

"அதான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பொன்மணிக்குக் கொண்டுவந்த இறால் தொக்கை நீட்டினாள்.

தங்கை கட்டிலில் உட்கார, அவளைச் சுற்றி ஊரே கொடிகட்டித் துணி உலர்த்த, பொன்மணி குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு கதை கேட்டுச் சிரிக்க, திலகவதி வெளியே மழையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, துருப்பிடிக்கிற செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய துணிகளை மட்டும் அந்தக் கொடியில் போடவில்லை. ஈரத்தையே உடுத்தினாள். இருமல் வந்தது. "மழைன்னா இவங்களுக்கு உசுரு போல" என்று ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது.

இப்படி இருக்கும்போது அஞ்சப்பன் இறந்துபோனார்.

உப்பனாற்றில் ஆயுசு முழுக்கப் படகு தள்ளின கிழவர். பாதி நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றே கழித்தவர். சாகும்போது மனைவி சின்னப்பொண்ணுவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: "என்னைய ஈரத்துல பொதச்சுடாத. பொறந்ததுலேருந்து நனஞ்சாச்சு. கடைசியா ஒரு தடவையாவது காயணும்."

குழி தோண்டினால் கையளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிற காலம் அது. சுடுகாட்டுக் கொட்டகையின் கூரையைப் போன புயல் கொண்டுபோயிருந்தது. விறகு ஊறிக் கிடந்தது. வாசலில் கிழவர் படுத்திருக்க, ஊர் பாதுகாப்புக் கட்டடத்தில் கூடியது. வெயிலக்கா சிதைக்குப் பக்கத்தில் நின்றால் எரியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வரலாமா என்பதில்தான் தகராறு.

"நம்ம ஊர்ல வழக்கம் இல்ல" என்றார் பூசாரி.

"மழ பெய்யாத பொம்பள மட்டும் வழக்கமா?" என்றாள் அப்பளக்காரி.

"அவங்க வெளியூர். வெளியூருக்கு நம்ம வழக்கம் செல்லாது" என்று வைரக்கண்ணு ஒரு வழி கண்டுபிடித்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு எழுந்தாள். "அவ வந்தா நானும் வருவேன். என் புருசன் காயுறத நான் பாக்கணும்." அதுவும் அத்தோடு முடிவாயிற்று.

பொன்மணியின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. அவள் செத்தவர்களைக் கிட்டத்தில் பார்த்தவள் இல்லை. அப்பா போனபோதுகூட எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். சுடுகாடு வேறு வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தது. வானத்திலிருந்து விழுகிற தண்ணீர்தான் அவளுக்கு வழிவிடும்; தரையில் ஓடுகிற தண்ணீர் விடாது. அவளுக்கு நீந்தவும் தெரியாது.

"அக்கா, நீ கூட வரியா?"

திலகவதி துண்டை இடுப்பில் கட்டினாள். "வா."

ஆண்கள் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் கடந்துபோனார்கள், சின்னப்பொண்ணுவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள், கடைசியாக இந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். தண்ணீர் தொடையைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. திலகவதி காலால் தடவித் தடவி மண் கெட்டியாக இருக்கும் இடமாகப் பார்த்து அடி வைத்தாள், தங்கையின் கையை இறுகப் பிடித்திருந்தாள், தலைக்கு மேலே மழையில்லை. கிளம்பினதிலிருந்து முதன்முறையாக அவள் அந்த வட்டத்துக்குள் இருந்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. துணி உலர்கிற வாசனை அடித்தது. இவ்வளவு சுகமாகவா இவள் வந்துகொண்டிருந்தாள் என்று நினைத்தாள், நினைத்ததும் நெஞ்சில் ஏதோ புளித்தது.

கரையிலிருந்து ஊர் கத்தியது: "டீச்சரம்மா, வெயிலக்காவ உட்டுடாதீங்க! பத்திரம்!"

உங்களுக்குப் பத்திரம் என்று யாரும் சொல்லவில்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"நீ இருக்கறப்ப எனக்கென்னக்கா" என்று பொன்மணி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் ஒன்றுமில்லை, பிறந்ததிலிருந்து யாராவது பிடித்துக்கொண்டே இருந்தவளின் சிரிப்பு, விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவேண்டியிராதவளின் சிரிப்பு.

திலகவதியின் விரல்கள் திறந்தன.

வழுக்கவில்லை, யாரும் இடிக்கவில்லை, விரல்கள் திறந்தன, அவ்வளவுதான். பொன்மணி ஒரு சத்தமும் போடாமல், சிரித்த முகம் சிரித்தபடியே, பழுப்புத் தண்ணீருக்குள் போனாள். ஒரு மூச்சு நேரம் அக்கா அப்படியே நின்றாள். அந்த ஒரு மூச்சில் அவள் தலைமேல் மழை விழுந்தது, எப்போதும் போல விழுந்தது, உடனே அவளுக்கு உயிர் வந்து, ஐயோ பொன்னு என்று பாய்ந்தாள், மூழ்கினாள், கையில் தட்டுப்பட்டது வேரா முடியா என்று தெரியாமல் பிடித்து இழுத்தாள். முடிதான். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இருமிக்கொண்டு, வழியெல்லாம் தங்கை பெயரையே சொல்லிக்கொண்டு அக்கரை ஏறினாள்.

பொன்மணி வாய்க்கால் தண்ணீரைக் கக்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். மழை அவள் நெற்றியில் விழுந்தது, கன்னத்தில் விழுந்தது, வாயில் விழுந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

"போயிடுச்சா?" என்றார் வைரக்கண்ணு.

"போயிடுச்சு" என்றாள் பொன்மணி.

"சரி" என்றார் அவர், கரண்ட் போனதைச் சொன்ன மாதிரி. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அஞ்சப்பன் பாடையில் நனைந்துகொண்டிருந்தார். சின்னப்பொண்ணு தன் முந்தானையை விரித்து அவர் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒருவரையும் குறைசொல்லாமல், வாயைத் திறந்து அழக்கூடச் செய்யாமல் நின்றாள். திலகவதியால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"பெரிய கட்டையா பார்த்துப் பொளங்க" என்றாள் திடீரென்று, மைதானத்தில் கத்துகிற குரலில். "மேல் ஈரத்தச் செதுக்கித் தள்ளுங்க. உள்மரம் காஞ்சுதான் இருக்கும். நான் வர்ற வரைக்கும் பொளந்தத நனைய விடாதீங்க."

தனியாக வாய்க்காலில் இறங்கி, கடந்து, பாதுகாப்புக் கட்டடம் வரை ஓடினாள். தன் சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டி இரண்டு சக்கரத்தையும் கழற்றி, டயரையும் டியூபையும் நெம்பி எடுத்தாள். வழிக்கென்று வைத்திருந்த மாற்று டயர்களையும் பையிலிருந்து எடுத்தாள். பொன்மணியின் சைக்கிளை அவள் தொடவில்லை. டயர்களை மாலை மாலையாகத் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்கோட்டைக் கழற்றிச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

கோட்டை அறுத்து விரித்து நாலு பேர் நாலு மூலையில் பிடித்தார்கள். பிளந்த உள்மரத்தை அடுக்கி, நடுவே டியூபைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, டயர்களைக் கிழவரின் மார்புக்கும் காலுக்கும் அடியில் கொடுத்தார்கள். பொன்மணி காயவைத்துக் கொடுத்த தீப்பெட்டி ஒன்று வைரக்கண்ணுவின் மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும். அடுத்ததைத் திலகவதி வாங்கித் தன் உடம்பால் மறைத்து உரசினாள். ரப்பர் பற்றியது, புகை கறுப்பாக எழுந்து, நாற்றத்தோடு எழுந்து, மழையை முட்டிக்கொண்டு மேலே போயிற்று, தீ மழையோடு பேரம் பேசிப் பேசி மெல்ல மரத்துக்கு ஏறியது, ஏறினது பிறகு இறங்கவில்லை. கோட்டைப் பிடித்திருந்தவர்கள் சூடு தாங்காமல் அதையும் உள்ளே விட்டார்கள். அஞ்சப்பன் ஆசைப்பட்டபடியே காய்ந்தார்.

அந்தி சாய்கையில் சின்னப்பொண்ணு வந்து, குளிரில் வெடவெடத்து உட்கார்ந்திருந்த பொன்மணியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும் தாயி. உன்னாலதான்."

பழைய இடத்தில், பழைய மாதிரியே, திலகவதிக்குச் சுருக்கென்றது. இதற்கு மருந்தே கிடையாதோ என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது.

"நான் இல்லம்மா. எங்க அக்கா" என்றாள் பொன்மணி. அப்போதும் அவள் அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

தண்ணீர் வடிந்ததும் கிளம்பினார்கள். ஊர் கருவாடும் முறுக்கும் கட்டிக் கொடுத்தது, வெயிலக்கா என்றே கடைசி வரை கூப்பிட்டது, கொடியிலிருந்த மிச்சத் துணிகளை எடுத்துக்கொண்டுபோய் அடுப்பு மேட்டில் உலர்த்த ஆரம்பித்தது. திலகவதியின் சைக்கிளை அங்கேயே விட்டார்கள். சீர்காழியில் டயர் கிடைக்கும், வாங்கிக்கொண்டு திரும்பி வரவேண்டும். அதுவரை ஒரே சைக்கிள். பொன்மணி மிதிக்க, அக்கா பின்னால் உட்கார்ந்தாள். மழை இரண்டு பேர் மேலும் பெய்தது.

வயல்களெல்லாம் ஏரியாகக் கிடந்த ஓர் இடத்தில் பொன்மணி கேட்டாள். "கையை நீயாத்தானே விட்டே?"

திலகவதிக்குப் பொய் சொல்ல வழியிருந்தது. தண்ணீர் வேகம், சேறு, வழுக்கல், என்ன சொன்னாலும் நம்பியிருப்பாள்.

"ஆமா."

சக்கரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

"ஏன்?"

"அப்பா சாகறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு உன் பேரச் சொன்னாரு. நீ வந்துட்டேன்னு நெனச்சாரு. நான் ஆமான்னேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கே தெரியல. ஆனா அதுலேருந்துதான்."

பொன்மணி மிதித்துக்கொண்டே இருந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது, நனைந்து ஒட்டின ரவிக்கை, மிதிக்க மிதிக்க ஏறி இறங்குகிற தோள்கள். அழுகிறாளா என்று மழையில் தெரியவில்லை. வாய்க்கால் பாலம் மேடாக வந்தது.

"எறங்கு" என்றாள்.

திலகவதி இறங்கினாள். தங்கை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஏற, அவள் பின்னால் கேரியரில் கைகொடுத்துத் தள்ளினாள். உச்சிக்கு வந்ததும் பொன்மணி திரும்பிப் பார்க்காமல் ஏறி மிதித்தாள். சரிவு சைக்கிளை இழுத்துக்கொண்டு போயிற்று. போகிறது, போகிறது, வளைவு வரை போகிறது. திலகவதி பாலத்தின் மேலேயே நின்றாள். கூப்பிடவில்லை. போனால் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வளைவில் சைக்கிள் நின்றது. ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது. அக்கா நடந்து வந்து சேரும் வரை அந்தக் கால் அப்படியே இருந்தது.

"ஏறு" என்றாள் பொன்மணி, இன்னும் ரோட்டையே பார்த்துக்கொண்டு. "மழையில நிக்காத. ஏற்கெனவே இருமுறே."